அறிவித்தல் வானின் ஊளை

எங்கள் லவுட்ஸ்பீக்கர் வான் நாய் மாதிரி ஊளையிடுகிறது என்று ஊருக்குள் கதை பரவியபோது எனக்குக் கவலை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த வானுக்குள் ஓடுகிற ஒவ்வொரு வயரையும் என் கையால் போட்டவள் நான். ரவுணில் ஒரு ரேடியோத் திருத்தும் கடையில் எட்டு வருடம் ஈயம் உருக்கிவிட்டு வந்தவள். என் வேலையைக் குறை சொல்வதென்றால் வயரைக் காட்டிச் சொல்ல வேண்டும். நாயைக் காட்டிச் சொல்லக் கூடாது.

எங்கள் தொழில் அறிவித்தல். வானின் கூரையில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு லவுட்ஸ்பீக்கர் குழாய்கள். பின்கதவுக்குப் பக்கத்தில் அம்பிளிபயர். முன்சீற்றில் மைக்கோடு நான். பக்கத்தில் ஸ்டியரிங்கோடு என் மனுசன். வட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் யாராவது இறந்தால் பேப்பரில் வருவதற்கு முதலே எங்கள் வானில் வந்துவிடும். கோயில் கொடியேற்றம், விளையாட்டுப் போட்டி, கண் சிகிச்சை முகாம் எல்லாம் வரும். ஆனால் செத்தவீடுதான் கனக்க.

தொடக்கத்தில் மைக் பிடித்தது மனுசன்தான். அவருக்கு நல்ல கனத்த குரல். மூச்சுத்தான் போதாது. எங்கள் அறிவித்தல் சும்மா ஒரு பெயரும் ஊரும் இல்லை. அன்னார் இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும் என்று அது வளர்ந்துகொண்டே போகும். இடையில் காலஞ்சென்றவர்களும் வருவார்கள். ஒருநாள் இவர் மூச்சு வாங்கிய இடத்தில் வரி மாறிவிட்டது. வளவுக்குள் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டு நின்ற மருமகனைக் "காலஞ்சென்ற" என்று வாசித்துவிட்டார். அந்த மனிதர் ஏணியோடு றோட்டுக்கு ஓடிவந்தார். அன்றைக்கு மைக் என் கைக்கு வந்தது.

ஒரு பொம்பிளை செத்தவீடு வாசிப்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று விட்டேன். ஆறு மாதத்தில் பழகிவிட்டது. பிறகு வாசிப்பதற்கு "அந்தப் பிள்ளைதான்" வர வேண்டும் என்று கேட்டார்கள். எல்லாப் பெயரும் விழுத்தாமல் வாசிப்பேன், எந்தச் சகலனையும் விடமாட்டேன். அந்த மைக்கைப் பிடித்த நாளிலிருந்துதான் என்னை நான் ஒரு ஆளாக நினைத்தேன் என்று சொன்னால் பொய்யில்லை.

பெரிய கோயிலின் வேலை இரண்டு வருடத்துக்கு முதல் வந்தது. பரிபாலன சபைத் தலைவர் வீட்டுக்கே வந்து கதைத்தார். எழுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. கொடியேற்றத்துக்கு முதல் நாள் காலை கோயில் வாசலிலிருந்து அறிவித்தல் வாகனம் புறப்பட்டு ஊரெல்லாம் போய் அடியார்களைக் கூப்பிட வேண்டும். செத்தவீட்டு வான் கோயில் வாசலில் நிற்பதற்குத்தான் சபையில் ஒரு தயக்கம். ஆகவே ஒரு முறை வைத்தார்கள். ஒவ்வொரு செத்தவீட்டு அறிவித்தலுக்குப் பிறகும் உப்புக் கரைத்த மஞ்சள் தண்ணீரால் வானை உள்ளும் புறமும் கழுவிச் சாவுத் தீட்டை, அந்தத் துடக்கை, கழித்துவிட வேண்டும். நான் ஓம் என்றேன். ஒரு வாளி தண்ணீர்தானே. அதன் பிறகு பின்கதவைத் திறந்து வைத்து நானே ஊற்றிக் கழுவினேன்.

ஊளை இந்த வருடம் தொடங்கியது. முதலில் நுளம்பு மாதிரி ஒரு இரைச்சல். பிறகு அது வளர்ந்தது. வான் மெதுவாகப் போனால் மெல்லிதாக முனகும். மனுசன் அக்சிலேற்றரை மிதித்தால் அதுவும் குரலை உயர்த்தும். "அன்னாரின் இறுதிக்கிரியைகள்" என்று நான் சொல்லும்போது பின்னால் "ஊ" என்று ஏறும். கியர் மாற்றினால் இறங்கும், மறுபடி ஏறும். நாய் ஊளையிட்டால் சாவு என்று நம்புகிற ஊரில், சாவைச் சொல்ல வருகிற வானே ஊளையிட்டால் எப்படி இருக்கும்? ஒரு சந்தியில் கடைக்கு முன்னால் நின்ற ஒருவர் எனக்குக் கேட்கவே சொன்னார்.

"உந்த வான் ஒரு சாவைச் சொல்லிப்போட்டு அடுத்ததைக் கூப்பிட்டுக்கொண்டு போகுது."

நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். சந்திக்குச் சந்தி எஞ்சினை நிற்பாட்டி, வாசித்து முடித்து, மறுபடி ஸ்ராட் செய்வது. எஞ்சின் நின்றால் ஊளையும் நிற்கும். ஆனால் பற்றறி எத்தனை சந்திக்குத் தாங்கும்? ஐந்தாறு சந்தியில் படுத்துவிடும். பிறகு தள்ள வேண்டும். செத்தவீட்டு வானைத் தள்ள யார் வருவார்கள்? நான்தான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினேன், மிஞ்சிய கரண்டில் கூரைக் குழாயில் தேவார இசைத்தட்டு ஓட.

கொடியேற்றத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது தலைவர் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"பிள்ளை, நான் கோவத்திலை கதைக்கேல்லை. ஆனால் சனம் கதைக்குது. துடக்கு ஆளிலை மட்டுமில்லை, இரும்பிலையும் ஏறும் எண்டு சபையிலை சொல்லினம். பொம்பிளை வாசிக்கிறதாலைதான் எண்டும் ஒரு கதை கிடக்கு."

"அது வயறிங்கிலை ஒரு பிழை ஐயா. நான் பிடிக்கிறன்."

"பிடிச்சால் சரி. இல்லாட்டி ரவுணிலையிருந்து வேறை வானைக் கூப்பிட வேண்டி வரும். கோயில் விட்டால் பிறகு உன்னை ஒருத்தரும் கூப்பிடாயினம், அதையும் யோசி."

யோசிக்க என்ன இருக்கிறது? அவர் சொன்னது உண்மை. கோயில் தள்ளிவிட்ட வானைக் கல்யாணத்துக்கும் கூப்பிட மாட்டார்கள், செத்தவீட்டுக்கும் கூப்பிட மாட்டார்கள். மைக் போய்விடும். மறுபடி ரேடியோக் கடையின் பின்னறையில் குனிந்திருக்கலாம், சோற்றுக்குக் குறைவு வராது. ஆனால் ஒரு இரைச்சலுக்காக, அதுவும் பெண் என்பதால் வந்த இரைச்சல் என்று பெயர் வைத்து, என் மைக்கைப் பறிக்க விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

முதலில் கராஜ்காரரிடம் போனோம். வாகன வயறிங் பார்ப்பவர், என்னைவிட இரண்டொரு வயது இளையவர். வானின் கதவைக்கூடத் திறக்கவில்லை. காதைக் கொடுத்தார், தீர்ப்புச் சொன்னார்.

"அம்பிளிபயர் போச்சு அக்கா. தூக்கி எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுங்கோ."

"எஞ்சினை மிதிக்கக் கத்துது, விட அடங்குது. எஞ்சின் எந்த வேகத்திலை ஓடுது எண்டு அம்பிளிபயருக்கு என்னெண்டு தெரியும்?"

"ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று மனுசனைப் பார்த்துச் சிரித்தார். மனுசன் சிரிக்கவில்லை. அவருக்கு அதில் ஒரு நல்ல குணம் இருக்கிறது, என்னை விட்டுவிட்டு யாரோடும் சிரிக்க மாட்டார். வானைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

வீட்டு வளவில் மாமரத்துக்குக் கீழே வானை விட்டு நானே தொடங்கினேன். எஞ்சினை ஓடவிட்டு, முன்னாலிருந்து அம்பிளிபயருக்கு வரும் மைக் வயரைக் கழற்றினேன். ஊளை பட்டென்று நின்றது. திரும்பச் செருகினேன், வந்தது. ஆக அம்பிளிபயருக்கு ஒன்றுமில்லை. இரைச்சல் மைக் வயர் வழியாகத்தான் உள்ளே போகிறது. கராஜ்காரரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போல இருந்தது.

மைக் வயருக்குப் பக்கத்தில் பற்றறியிலிருந்து வரும் தடித்த வயர் ஓடினால் இரைச்சல் தாவும். அது எல்லாருக்கும் தெரிந்தது. நான் அப்படிப் போடவில்லை, ஆனாலும் சந்தேகம் ஒன்றையும் விடக் கூடாது. சீற்றுகளைக் கழற்றி மைக் வயரை இடப்பக்கத்தால் இழுத்து, தடித்த வயரை வலப்பக்கத்தில் விட்டேன். மனுசன் சீற்றைப் பிடித்துக்கொண்டு அரைநாள் நின்றார். எஞ்சினைப் போட்டால், ஊ. மைக் வயரையே புதிதாக மாற்றினேன். ஊ. பாட்டுப் போடும் செற்றை முழுதாகக் கழற்றி வைத்தேன். ஊ.

"கீரிமலைப் பக்கம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அறிவிக்கக் கனதரம் போனனாங்கள். கடற்காத்து, உப்பு. அதுதான்" என்றார் மனுசன்.

"கீரிமலையிலை இருக்கிற சனமெல்லாம் வான் வச்சிருக்கேல்லையோ? அதுகளும் ஊளையிடுதோ?"

அவர் சீற்றைத் தூக்கித் திரும்ப வைத்தார்.

அடுத்த நாள் எஞ்சினோடு சுற்றிப் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவில் சந்தேகம் வந்தது. இரைச்சலின் பிறப்பிடம் அதுதான், எல்லா வாகனத்திலும் அதுதான். இரைச்சலை வடிக்கிற பில்டர் ஒன்று வாங்கிப் பொருத்தினேன். ஊளை பாதியாகி முனகலானது. மனுசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "போதும், ஆருக்கும் கேக்காது" என்றார். எனக்குப் போதாது. பிழையைப் போர்த்து மூடுவது வேறு, பிடிப்பது வேறு. மூடிவைத்தால் அது கொடியேற்றத்துக்கு முதல் நாள் கோயில் வாசலில் எழும்பும். பில்டரைக் கழற்றி எறிந்தேன், அது பக்கத்து வளவு வெங்காயப் பாத்திக்குள் போய் விழுந்தது.

அதை எடுக்கப் போன இடத்தில்தான் அந்த வளவுக்காரரின் உழவு இயந்திரம் கண்ணில் பட்டது. அதன் பற்றறியை இரவல் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் கழற்றித் தந்த மனிதர் அவர், நன்றாக இருக்க வேண்டும். அம்பிளிபயரின் இரண்டு வயர்களையும் வானிலிருந்து பிரித்து அந்தப் பற்றறியில் கொடுத்தேன். மனுசன் அக்சிலேற்றரைத் தரைமட்டும் மிதித்தார். எஞ்சின் கத்தியது, குழாய் கத்தவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக. பொசிற்றிவ் வயரை மறுபடி வானுக்கே கொடுத்தேன். நெகற்றிவ்வுக்கு மட்டும் ஒரு நீளமான வயரை எடுத்து, வெளியால் இழுத்து, வானின் பற்றறி முனையில் நேரே பூட்டினேன். அப்போதும் ஊளை இல்லை. ஆகப் பொசிற்றிவ் சரி. மிஞ்சியது ஒன்றுதான், நெகற்றிவ்வை வானின் உடம்போடு பூட்டிய இடம்.

"அப்ப ஏர்த்தோ?" என்றார் மனுசன்.

"ஏர்த் இல்லை. அது நான் போட்டது."

"மற்றதெல்லாம் நானோ போட்டனான்?"

சிரிப்பு வந்தது, ஆனாலும் விட மனமில்லை. அந்த ஏர்த் போல்ட்டை நான் எப்படிப் பூட்டினேன் என்று எனக்குத் தெரியும். பெயின்றைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிய, ஸ்பானரில் தொங்கி இறுக்கினது. என் பெருமைக்குரிய பூட்டு. அதனால்தான் இரண்டு நாளாக எல்லாவற்றையும் கழற்றியும் அந்த மூலையின் பக்கம் என் கை போகவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது. நீள வயரைக் கழற்றிப் பழைய ஏர்த்தையே திரும்பக் கொடுத்து, மீற்றரை எடுத்து ஒரு முனையை அம்பிளிபயரின் நெகற்றிவ்விலும் மற்றதை வானின் பற்றறியின் நெகற்றிவ்விலும் வைத்தேன். பழைய ஏர்த் நல்லதென்றால் முள் அசையவே கூடாது. முள் ஒரு வோல்ற்றையும் தாண்டி நின்றது.

கரண்ட் போன வழியால் பற்றறிக்குத் திரும்பி வர வேண்டும். எங்கள் வானில் அது அந்தப் போல்ட்டுக்குள்ளால் வானின் உடம்புக்குப் போய், உடம்பு வழியாகத் திரும்புகிறது. அந்த வழி அடைபட்டால் கரண்ட் சும்மா இருக்காது, மெல்லிய மைக் வயரின் மேலுறை வழியாகப் புகுந்து திரும்பும். புகும்போது டைனமோவின் இரைச்சலையும் என் குரலுக்குள் கொண்டுவந்து போட்டுவிடும். இவ்வளவுதான் ஊளை. எமனுமில்லை, நாயுமில்லை.

பின்கதவைத் திறந்து மூலையில் தரைவிரிப்பைக் கிளப்பினேன். கிளப்பிய கை அப்படியே நின்றது.

விரிப்பின் அடிப்பக்கம் முழுக்க மஞ்சள். அதற்குக் கீழே தகரத்தில் உப்புப் பொரிந்து வெள்ளையாகக் கிடந்தது. நடுவில் என் போல்ட்டு. மேலே பார்க்க ஒன்றுமில்லை. ஸ்பானர் வைத்ததும் தலை தனியாகக் கழன்று வந்தது. உள்ளே வயரின் செம்பு பச்சையாகப் பூத்து, இரும்பு சீவல் சீவலாக உதிர்ந்தது. வானுக்குள் அந்த மூலைதான் பள்ளம். நான் பின்கதவில் நின்று ஊற்றிய ஒவ்வொரு வாளியும் ஓடிவந்து தேங்கிய இடம் அது. இரண்டு வருடமாக, ஒவ்வொரு செத்தவீட்டுக்கும் ஒரு வாளி.

நான் வானின் படியிலேயே இருந்துவிட்டேன். துடக்கு ஏறியதால் ஊளை என்றார்கள். துடக்குக் கழித்ததால் ஊளை. யாரைக் கோபிப்பது? ஊற்றச் சொன்னது அவர்கள், ஊற்றியது நான். இந்த ஊரில் எத்தனை விசயத்துக்கு நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். முன்சீற்றில் இருக்காதே என்றார்கள், இருந்தேன். மைக்கை மனுசனிடம் கொடு என்றார்கள், கொடுக்கவில்லை. அவர்களுக்காக ஒத்துக்கொண்டது இந்த ஒரு வாளித் தண்ணீர் மட்டும்தான். அந்த இடம்தான் உக்கிப்போயிருந்தது. அழுகை வந்தது, ஆத்திரத்தில் வந்த அழுகை.

"உப்பெண்டு நான் முதலே சொன்னனான். கடலை மட்டும்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றார் மனுசன். பிறகு என் பக்கத்தில் வந்து குந்தி, "இஞ்சரும், அரத்தை எடுக்கட்டோ?" என்றார்.

பள்ளத்தை விட்டு, பக்கச் சுவரில் உயரமாக ஒரு இடம் பார்த்தேன். அரத்தால் தேய்த்து இரும்பை வெளியில் எடுத்து, புது முனை போட்டு, புதுப் போல்ட்டில் இறுக்கி, மேலே கிறீஸ் பூசினேன். எஞ்சினைப் போட்டோம். மைக்கைத் திறந்தேன். ஒன்றும் சொல்லாமல் நின்றேன். மனுசன் மிதித்தார், விட்டார், மிதித்தார். கூரைக் குழாயிலிருந்து என் மூச்சு மட்டும் மாமரத்துக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் மூச்சை நானே கேட்டேன்.

கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்க ஒரு செத்தவீடு வந்தது. சந்திகளில் எஞ்சினை நிற்பாட்டாமல் ஓட ஓட வாசித்தேன், இருபத்தாறு பெயர். வீட்டுக்கு வந்து தலையில் முழுகினேன். அது என் வழக்கம், எனக்கு வேண்டும். வானுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

அடுத்த நாள் காலை கோயில் வாசலில் வானை நிற்பாட்டியபோது சபைக்காரர் எல்லாரும் நின்றார்கள். தலைவர் காதைக் கொடுத்து எஞ்சினைக் கேட்டார், குழாயைக் கேட்டார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஆனால் கையில் உப்பு மஞ்சள் தண்ணீர்ச் செம்பு இருந்தது, செம்பின் வாயில் மாவிலை.

"ஊளை நிண்டுட்டுது. நல்லது பிள்ளை. நேற்றைக்குச் செத்தவீடு ஓடினனீ எல்லோ? கழுவினியே?"

"இல்லை ஐயா. இனிக் கழுவமாட்டன்."

கடதாசியில் சுற்றி வைத்திருந்த பழைய போல்ட்டை விரித்துக் காட்டினேன். மஞ்சளும் பச்சையுமாக உதிர்ந்து கிடந்தது. எப்படி வந்தது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"இது இரும்பின்ரை குணம். அது கோயிலின்ரை முறை" என்றார்.

"துடக்கு ஆருக்கு ஐயா? சொந்தக்காரருக்குத்தானே? செத்தவீட்டுச் சொந்தக்காரர் எல்லாற்றை பேரும் நான்தான் வாசிக்கிறன். பேரன், பூட்டன், சகலன் ஒண்டும் விடுறேல்லை. அந்தப் பட்டியலிலை இந்த வானின்ரை பேர் ஒருநாளும் வரேல்லை."

பின்னால் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். தலைவருக்கு முகம் கறுத்தது.

"என்னோடை நியாயம் கதைக்காதை பிள்ளை. ரண்டு துளி. பின்கதவைத் திற, நானே தெளிக்கிறன்."

பின்கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வு கதவு வழியாக முதுகில் ஏறியது. மனுசன் இறங்கி வரவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கில் கை வைத்திருந்தார்.

"சாவை வாசிச்சது வானில்லை ஐயா, நான். ஊத்திறதெண்டால் என்னிலை ஊத்துங்கோ. எனக்குத் துருப் பிடிக்காது."

மற்றவன் மனைவியின் தலையில் அவர் எப்படித் தண்ணீர் ஊற்றுவார்? செம்பை அவர் கையிலிருந்து நானே வாங்கினேன். மாவிலையை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, முழுவதையும் என் தலையில் கவிழ்த்தேன். கண் எரிந்தது. திருவிழாவுக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைக் கரைச் சேலையில் மஞ்சள் வழிந்து காலடியில் தேங்கியது. வெறும் செம்பைத் துடைத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

முன்சீற்றில் ஏறிக் கதவைச் சாத்தினேன். மனுசன் என்னைப் பார்த்து, தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து நீட்டினார். முகத்தைத் துடைக்கவில்லை, கையை மட்டும் நன்றாகத் துடைத்தேன். ஈரக் கையால் மைக் பிடிக்கக் கூடாது.

"வெளிக்கிடுவமோ?" என்றார்.

"ஓம், மிதியுங்கோ" என்றேன்.

தலைவர் வெறும் செம்போடு வழிவிட்டு விலகினார். வான் கோயில் தேர் நிற்கும் தேர்முட்டியைத் தாண்டி வேகம் எடுத்தது. அடியார்களே என்று தொடங்கினேன்.